பேஸ்பாலில் சிங்கிள்-ஏ சென்டர் ஃபீல்டர் ஒருவனை எடைபோடுவது எப்படி? எந்த எண்ணை நம்புவது, எதைக் கண்ணால் பார்ப்பது?

கேட்டவர்: நாலாவது அவுட்ஃபீல்டர்

பேச வசதியாக ஒரு கற்பனைப் பையனை வைத்துக்கொள்வோம். 20 வயது. ஹைஸ்கூலிலிருந்து நேராக டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வு) ஆனவன். ஃப்ளோரிடா ஸ்டேட் லீக்கில், அதாவது மைனர் லீக் ஏணியில் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ-க்கெல்லாம் கீழே இருக்கும் சிங்கிள்-ஏ மட்டத்தில், சென்டர் ஃபீல்ட் (தொலைப்பகுதியான அவுட்ஃபீல்டின் நடு) ஆடுகிறான். இடது கை பேட்டர். 6 அடி 1 அங்குலம், 180 பவுண்டு. 240 பிளேட் அப்பியரன்ஸில் (பேட் செய்ய வந்த முறைகளில்) .284 / .371 / .404, அதாவது பேட்டிங் ஆவரேஜ், பேஸ் அடைந்த விகிதம், ஸ்லக்கிங் (அட்-பேட் ஒன்றுக்கு அடித்து எடுத்த பேஸ்). அதில் 4 ஹோம் ரன், 27 வாக் (நாலு தப்பான பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்), 62 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). 26 முறை பேஸ் திருட ஓடி 22 முறை தப்பித்திருக்கிறான்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மாதிரிக் கணக்கோடு மேலே போய் டபுள்-ஏ-யில் காணாமல் போனவர்கள் ஏராளம். இந்த எண்களில் எதை நம்பலாம், எதைத் தள்ளிவைக்கலாம்? மூன்று நாலு ஆட்டத்தை நேரில் பார்க்கக் கிடைத்தால் எதில் கண் வைப்பது? அவன் சென்டரிலேயே நிற்பானா, கார்னருக்கு (லெஃப்ட் அல்லது ரைட் ஃபீல்டுக்கு) நகர வேண்டியிருக்குமா என்று இப்போதே சொல்ல முடியுமா? 20–80 அளவுகோல் தெரியும். 50 மேஜர் லீக் சராசரி, அதிலிருந்து பத்துப் பத்தாக ஏறி இறங்கும். ஒரு பையனைப் பார்த்ததும் அந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் குழப்பம்.

பதில்: ஸ்டாப்வாட்ச்

சென்டரா கார்னரா என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. சென்டரில் ஒழுங்காக நிற்பவன் சராசரிக்குக் கொஞ்சம் கீழே அடித்தாலும் தினமும் ஆடுவான். அதே பேட்டை லெஃப்ட் ஃபீல்டுக்குக் கொண்டுபோனால் பெஞ்சுதான். சென்டருக்குக் கால் போதாமல், கார்னருக்குப் பவரும் போதாமல் நடுவில் மாட்டிக்கொள்பவனை ஸ்கவுட்கள் (அணிக்காக ஆட்டக்காரர்களை எடைபோடுபவர்கள்) 'ட்வீனர்' என்பார்கள். கெவின் கீயர்மேயர் 2010 டிராஃப்டில் 31-வது ரவுண்டில் போனவர். சென்டர் ஃபீல்டில் நாலு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது) வாங்கினார். பேட் சுமாராக இருந்த ஆண்டுகளிலும் கிளவ் அவரை லைன்அப்பில் வைத்திருந்தது.

முதலில் கால். பேட்டில் பந்து படும் சத்தத்தில் வாட்சை அழுத்தி, ஃபர்ஸ்ட் பேஸில் கால் படும்போது நிறுத்த வேண்டும். இடது கை பேட்டருக்கு 4.2 விநாடி என்றால் 50. 4.1 என்றால் 60, 4.0 என்றால் 70. வலது கை பேட்டர் பேஸிலிருந்து ஓர் எட்டுத் தள்ளித் தொடங்குவதால் அவருக்கு ஒவ்வொன்றிலும் 0.1 கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கு இவ்வளவுதான். தப்பு நடப்பது வேறு இடத்தில்.

ஒன்று, பன்ட் (பேட்டை வீசாமல் பந்தைத் தட்டிவிடுவது) அடித்து ஓடியதையும், அடிக்கும்போதே உடம்பு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் சாய்ந்துவிட்ட ஸ்விங்கையும் கணக்கில் சேர்ப்பது. இடது கை பேட்டர்களிடம் இது நிறைய நடக்கும். ஓட்டம் பாதி ஸ்விங்கிலேயே தொடங்கிவிடுவதால் 4.2 ஓடுபவன் 3.95 காட்டுவான். இன்னொன்று, செகண்ட் பேஸ்மேனுக்கு நேராக உருண்ட பந்தில் எடுத்த நேரம். பாதி வழியில் பையன் வேகத்தை விட்டுவிடுவான், அந்த 4.5 எதையும் சொல்லாது. டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) தவிர்க்க ஓடும் ஓட்டம், ஷார்ட்ஸ்டாப் பேக்ஹேண்டில் எடுக்கும் ஆழமான பந்து, இந்த மாதிரி ஓடியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களில் ஐந்தாறு நேரம் எடுத்து, அதில் வேகமான இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். அவன் டிரிபிள் அடித்தால் வாட்சை விட்டுவிட்டு காலை மட்டும் பாருங்கள். அடி எட்டிப் போடும்போது தலை ஆடாமல் இருக்கிறதா, செகண்ட் பேஸைச் சுற்றும்போது வில்லாக அகலப் போகிறானா என்பது அங்கேதான் தெரியும். ஸ்டாட்காஸ்ட் (பந்தையும் ஆட்டக்காரரையும் கேமராவால் அளக்கும் அமைப்பு) கணக்கில் மேஜர் லீக் சராசரி ஓட்டம் விநாடிக்கு 27 அடி. 30 தொட்டால் உச்சம்.

26-க்கு 22 என்ற திருட்டுக் கணக்கில் மயங்க வேண்டாம். பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து கேட்சர் கைக்குப் பந்து போக 1.3 விநாடி, கேட்சர் கையிலிருந்து செகண்டுக்கு 2.0. மொத்தம் 3.3. இது மேல்மட்டத்துக் கணக்கு. சிங்கிள்-ஏ-யில் பிட்சர்கள் 1.5, 1.6 எடுப்பார்கள், கேட்சர் எறிவது பாதி நேரம் பேஸைவிட்டு இரண்டடி தள்ளிப் போகும். போதாததற்கு, ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் இரண்டு முறைக்கு மேல் ரப்பரை (அவர் கால் வைத்துப் போடும் பலகையை) விட்டு இறங்க முடியாது. மூன்றாவது முறை அவுட் ஆக்காவிட்டால் பாக், ஓடுபவனுக்கு ஒரு பேஸ் இலவசம். பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனதில் ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் இடையே நாலரை அங்குலம் குறைந்திருக்கிறது. அதனால் எண்ணிக்கையை விடுங்கள். 1.3-க்குள் போடும் பிட்சருக்கு எதிராக அவன் ஓடினானா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது ஃபீல்டிங். இங்கே பெரும்பாலானோர் செய்யும் தப்பு, பந்தைப் பார்ப்பது. பந்தைப் பார்த்தால் பிடித்தானா விட்டானா என்பது மட்டும் தெரியும். இரண்டு இன்னிங்ஸாவது பிட்சர் போடுவதைக் கவனிக்காமல் சென்டர் ஃபீல்டரின் காலை மட்டும் பாருங்கள். பந்து பிளேட்டைத் தொடும் கணத்தில் இரண்டு காலும் லேசாகக் குதித்துத் தரையில் ஊன்றுகிறதா, குதிகாலில் நிற்கிறானா? சத்தம் கேட்டதும் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது? ஸ்டாட்காஸ்ட் முதல் 3 விநாடியைப் பிரித்துத்தான் அளக்கிறது: முதல் ஒன்றரை விநாடி ரியாக்‌ஷன், அடுத்த ஒன்றரை வேகமெடுப்பது, இவற்றோடு போன பாதை நேரா வளைவா என்பது. நீங்கள் கண்ணால் அதையே செய்ய வேண்டும்.

சென்டர் ஃபீல்டருக்கு ரொம்பக் கஷ்டமான பந்து பக்கவாட்டில் போவதல்ல, தலைக்கு நேராக வரும் லைன் டிரைவ் (தாழ்வாக, நேராகப் பாயும் அடி). அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதல் அரை விநாடியில் தெரியாது. நல்லவன் இடுப்பைப் பாதி திருப்பி ஒரு அடி பின்வாங்கித் தீர்மானிப்பான். மோசமானவன் முன்னால் இரண்டடி ஓடி வந்துவிட்டுத் திரும்புவான், பந்து சுவருக்குப் போய்விடும். மூன்று ஆட்டத்தில் இப்படி ஒரு பந்துகூட வராமல் போகலாம். அதற்காகத்தான் ஆட்டத்துக்கு முன் நடக்கும் பேட்டிங் பிராக்டிஸைப் பார்க்கச் சொல்வேன். உருப்படும் பையன்கள் அந்த நேரத்தில் சென்டரில் நின்று, அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் நிஜ ஆட்டம் போல முதல் மூன்று அடி ஓடுவார்கள். மற்றவர்கள் கூட்டமாக நின்று கதை பேசுவார்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டைவ் பெரிய விஷயமாகத் தெரியும். இங்கே பல டைவ்கள் முதல் அடி தாமதமானதற்கான அபராதம். நின்றபடி சாதாரணமாகப் பிடித்ததுபோல் தெரியும் கேட்சுகளை எண்ணுங்கள்.

எங்கே நிற்கிறான் என்பதும் முக்கியம். மேஜர் லீக் சென்டர் ஃபீல்டர்கள் சராசரியாக ஹோம் பிளேட்டிலிருந்து 320 அடி பக்கம் நிற்கிறார்கள். ஒரு பையன் ரொம்பப் பின்னால் நின்றால், தலைக்கு மேல் போகும் பந்தில் அவனுக்கே நம்பிக்கையில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அல்லது கோச் அப்படி நிறுத்தியிருக்கலாம். பேட்டருக்குப் பேட்டர் மாறுகிறானா என்று பார்த்தால் எது என்று பிடிபடும்.

கை (எறியும் வலு) பற்றிச் சுருக்கமாக. சென்டருக்கு 45–50 போதும், ரைட் ஃபீல்டுக்கு 55–60 வேண்டும், 60-க்கு மணிக்கு 90 மைலுக்கு மேல் எறிய வேண்டும். பந்து கடைசி இருபது அடியில் பக்கவாட்டில் வளைந்தால், கை பலவீனம் என்று எழுதுவதற்கு முன் பிடியைப் பாருங்கள். தையல்களுக்குக் குறுக்கே பிடிக்காமல் அவசரத்தில் எறிந்திருப்பான். அது ஒரு குளிர்காலத்தில் சரியாகிவிடும். கை பலவீனம் சரியாகாது.

பதில்: சீம் எண்ணுபவர்

எண்களுக்கு வருகிறேன். .284 என்பதை முதலில் உடைத்துவிடுவோம். கேள்வியில் உள்ள கணக்கைப் பிரித்தால் 208 அட்-பேட் (வாக் போன்றவை நீங்கலாக பேட் செய்த முறைகள்), 59 ஹிட், 4 ஹோம் ரன், 62 ஸ்ட்ரைக்அவுட். சாக்ரிஃபைஸ் ஃபிளை (கேட்ச் ஆனாலும் ரன் தந்த அடி) இரண்டு என்று வைத்தால் மைதானத்துக்குள் விழுந்த பந்துகள் 144, அதில் ஹிட் 55. பேபிப் (மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் ஹிட் விகிதம்) .382. மேஜர் லீக்கில் இது .290–.300 பக்கம் இருக்கும். கீழ்மட்டத்தில் ஃபீல்டிங் மோசம், இவனுக்குக் கால் உண்டு, அதனால் தாராளமாக .330 கொடுத்துப் பாருங்கள். 55 ஹிட் 47 அல்லது 48 ஆகிறது. பேட்டிங் ஆவரேஜ் .248-க்கு வந்து நிற்கிறது. பேபிப் நம்பகமாக நிலைக்க 800-க்கு மேல் பந்துகள் வேண்டும். 144 வைத்துக்கொண்டு 'இவன் ஹிட்டர்' என்று எழுதுபவர்கள் தாயக்கட்டையைப் பாராட்டுகிறார்கள்.

ஸ்ட்ரைக்அவுட் அப்படியல்ல, 60 பிளேட் அப்பியரன்ஸ் தாண்டினாலே பேசத் தொடங்கிவிடும். வாக் 120 பக்கம். எனவே 25.8 சதவீத ஸ்ட்ரைக்அவுட்டும் 11.3 சதவீத வாக்கும் நிஜம். 20 வயதில் சிங்கிள்-ஏ-யில் 26 என்பது மஞ்சள் விளக்கு. மேலே போகப் போக இது ஏறுமே தவிரத் தானாக இறங்காது. 4 ஹோம் ரன் அடிப்பவனுக்கு 26 தாங்காது. 30 அடிப்பவனுக்குத் தாங்கும். ஆரன் ஜட்ஜ் 2016-இல் மேலே வந்தபோது 95 பிளேட் அப்பியரன்ஸில் 42 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன். ஆனால் ஜட்ஜின் அடி இருந்தால் மட்டும் இந்த உதாரணத்தை எடுங்கள். எல்லாப் பையனுக்கும் இதையே சாக்காகச் சொல்கிறார்கள்.

நல்லவேளை, உங்கள் பையன் இருப்பது ஃப்ளோரிடா ஸ்டேட் லீக். மைனர் லீக்கில் ஸ்டாட்காஸ்ட் கணக்கு வெளியே எல்லாருக்கும் கிடைப்பது டிரிபிள்-ஏ-க்கும் இந்த லீக்குக்கும்தான். அங்கே போய் நாலு எண்ணை எடுங்கள்.

ஸ்ட்ரைக் சோனுக்குள் (பிளேட்டுக்கு மேல், பேட்டரின் முழங்காலிலிருந்து நெஞ்சு வரை) வந்த பந்தில் ஸ்விங் செய்தபோது எத்தனை சதவீதம் பேட்டில் பட்டது? மேஜர் லீக் சராசரி 80-களின் தொடக்கத்தில். 75-க்குக் கீழே போனால் ரிப்போர்ட்டில் சிவப்பு மை. சோனுக்கு வெளியே போன பந்தைத் துரத்தியது எத்தனை? சராசரி 28 பக்கம். அப்புறம் அவன் அடிகளில் வலுவான பத்து சதவீதம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை வேகம்: மேஜர் லீக்கில் அது மணிக்கு 103–105 மைல். 20 வயதில் 103 இருந்தால், ஹோம் ரன் 4-தான் என்றாலும் பவர் உள்ளே தூங்குகிறது. 99 இருந்தால் பையன் உடம்பு ஏற்ற வேண்டும், அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். கடைசியாக, 95 மைலுக்கு மேல் அடித்த பந்துகள் எந்தக் கோணத்தில் போயின? 8 முதல் 32 டிகிரிக்குள் இருந்தால் சரி. எல்லாம் தரையில் உருண்டால் அது ஸ்விங் பிரச்சினை. அதை டக்அவுட் அண்ணன் சொல்வார்.

இந்த நாலில் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். துரத்துவது குறைவு, சோனுக்குள் படுவதும் குறைவு என்றால் பையனின் கண் நல்லது, கை மோசம். அந்த 11 சதவீத வாக் அப்போது பொய்யான ஆறுதல். சிங்கிள்-ஏ பிட்சர்களுக்கே சோன் எங்கே என்று தெரியாது. பேட்டைத் தோளில் வைத்து நின்றாலே வாக் கிடைக்கும். டபுள்-ஏ-யில் முதல் பிட்ச்சே சோனுக்குள் வரும், 0-1, 1-2 என்று (சோனுக்கு வெளியே போனவை முதலில், ஸ்ட்ரைக் அடுத்து) பின்தங்கிவிடுவான்.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் லீக் மைதானங்களில் பெரும்பாலானவை மேஜர் லீக் அணிகளின் ஸ்பிரிங் டிரெய்னிங் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) மைதானங்கள், முழு அளவு, கடல் மட்டம். அங்கே 4 ஹோம் ரன் அவமானமில்லை. (ஈரக்காற்று கனமானது, அதனால்தான் பந்து போகவில்லை என்பார்கள். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. மைதானம்தான் காரணம்.) இதற்கு நேர் எதிர் டிரிபிள்-ஏ-யின் பசிபிக் கோஸ்ட் லீக். ஆல்புகெர்க்கி 5,000 அடிக்கு மேல், ரீனோ, சால்ட் லேக் இரண்டும் 4,000-க்கு மேல். அங்கே ஒருவன் 25 அடித்தான் என்றால் பாதியை மலையின் மெல்லிய காற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். டிரிபிள்-ஏ வாக் கணக்கையும் உஷாராகப் பாருங்கள். 2023-இல் அங்கே எல்லா மைதானத்திலும் தானியங்கி ஸ்ட்ரைக் சோன் வந்தபோது லீக் முழுக்க வாக் ஏறியது.

வயது: சிங்கிள்-ஏ-யில் 20 என்பது ஊரோடு ஒத்த வயது. முன்னால் ஓடுபவன் இல்லை, பின்தங்கியவனும் இல்லை. இதே கணக்கை 18 வயதில் காட்டியிருந்தால் பேச்சே வேறு. ஹுவான் சோட்டோ 19 வயதில், 2018-இல், ஒரே சீசனில் மூன்று மைனர் லீக் மட்டங்களைத் தாண்டி மே மாதமே மேஜர் லீக்கில் ஆடினார்.

பதில்: டக்அவுட்

ரெண்டு பேரும் நல்லாச் சொல்லிட்டாங்க. நான் ஸ்விங் பத்தி மட்டும் சொல்றேன்.

முதல்ல எங்க உட்கார்றதுன்னு பாருங்க. இடது கை பேட்டரோட நெஞ்சு தேர்ட் பேஸ் பக்கம் பார்த்திருக்கும். அதனால ஸ்விங் பார்க்கணும்னா தேர்ட் பேஸ் பக்கம் உட்காரணும். அங்க இருந்துதான் கை எங்க இறங்குது, முன்கால் எப்ப ஊன்றுதுன்னு தெரியும். அவுட்ஃபீல்ட் ரூட் (பந்துக்கு ஓடற பாதை) பார்க்க பிளேட்டுக்குப் பின்னாடி மேல் வரிசை. ஆட்டத்துக்கு நடுவுல இடம் மாத்துங்க, தப்பில்ல.

பேட்டிங் பிராக்டிஸ்ல அவன் அடிக்கிற தூரத்தப் பார்த்து வாயைப் பிளக்காதீங்க. 55 மைல்ல மெதுவாப் போடுற பந்தை எல்லாரும் சுவத்துக்கு மேல அனுப்புவாங்க. பிராக்டிஸ்ல பார்க்க வேண்டியது ஒண்ணுதான். முதல் ரவுண்டுல எதிர்ப்பக்கம் அடிக்கச் சொன்னா, லெஃப்ட் சென்டருக்கு பேக்ஸ்பின்னோட அடிக்கிறானா, இல்ல பேட்டோட முகத்தைத் திருப்பி வெட்டி விடுறானா. வெட்டினா பந்து ஃபவுல் லைன் பக்கமே வளைஞ்சுக்கிட்டுப் போகும்.

ஆட்டத்துல ஃபவுல் பந்தை (கோட்டுக்கு வெளியே போற அடியை) படிங்க. யாரும் எழுதுறதில்ல, ஆனா இதுதான் நேர்மையான தகவல். ஃபாஸ்ட்பால் 94-ல வருது, ஃபவுல் நேரா பின்னாடி வலைக்குப் போச்சுன்னா டைமிங் சரி, அரை அங்குலம் கீழ போயிருக்கு. இடது கை பேட்டர், ஃபவுல் தேர்ட் பேஸ் டக்அவுட் பக்கம் போகுதுன்னா லேட். அதே பையன் ஃபாஸ்ட்பாலுக்கு எப்பவும் லேட், சேஞ்சப்புக்கு (ஃபாஸ்ட்பால் மாதிரி தெரிஞ்சு மெதுவா வர்ற பந்து) ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் ஃபவுல்னா அவன் எதையும் பார்க்கல, நடுவுல ஒரு வேகத்தை ஊகிச்சு ஆடுறான். 95 மைல் பந்து கையை விட்டு பிளேட்டுக்கு வர 0.4 விநாடிதான். அதுல பாதி முடியறதுக்குள்ள தீர்மானம் ஆகிடணும். ஊகம் சிங்கிள்-ஏ-ல ஓடும். மேல ஓடாது.

மிஸ் பண்றதையும் பிரிச்சு எழுதணும். உயரமான ஃபாஸ்ட்பாலுக்குக் கீழ பேட் போகுதா? பேட்டோட பாதை ரொம்பக் கீழயிருந்து மேல ஏறுது. சேஞ்சப்புக்கு மேல பேட் போகுதா? உடம்பு பாரம் முன்காலுக்குச் சீக்கிரம் போயிடுது. வலது கை பிட்சர் பின்காலைப் பார்த்து எறியற ஸ்லைடருக்கு (பக்கவாட்டுல வளையற பந்து) ஸ்விங் பண்றானா? அது கண்ணு. அதே பந்தை 2-2-ல விட்டுட்டான்னா நல்ல மதிப்பெண் போடுங்க. இடது கை பிட்சரோட வெளியே ஓடற ஸ்லைடருக்கு முன்தோள் திறக்குதான்னு தனியாப் பாருங்க. திறந்தா பேட் வெளிப்பக்க மூலையை எட்டாது, அதை மேல இருக்கிற எல்லா இடது கை ரிலீவரும் (நடுவுல வர்ற மாற்று பிட்சரும்) ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருவான்.

சரி, திருத்தறது. இந்தப் பையனை மாதிரி கால் இருக்கு, பவர் இல்லங்கற பையன்கிட்ட அணிகள் செய்யற பெரிய தப்பு, சீசன் நடுவுல லாஞ்ச் ஆங்கிளை (பந்து பேட்டை விட்டுக் கிளம்பற கோணத்தை) ஏத்தறது. பேட் மேல்நோக்கி வெட்டத் தொடங்கும், உயரமான ஃபாஸ்ட்பால்ல ஓட்டை விழும், 26 சதவீத ஸ்ட்ரைக்அவுட் 32 ஆகும், அப்புறம் பையன் தன்னம்பிக்கையும் போகும். ஆங்கிளை விட்டுட்டு பந்தை எங்க சந்திக்கிறான்னு மாத்தணும். உள்பக்கப் பந்தை முன்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி சந்திச்சா கோணம் தானா வரும்.

சீசன் முடிஞ்ச பிறகு வரிசை இப்படி வைக்கலாம். முதல் மூணு வாரம் டீ (பந்தை மேல வெச்சு அடிக்கற கம்பம்) மட்டும். டீயை நெஞ்சு உயரத்துல வெச்சு சென்டருக்கு லைன் டிரைவ். பந்து வலையோட கூரையில பட்டா தப்பு. அடுத்து கனமான பேட், லேசான பேட்: சாதாரண பேட்டைவிட 20 சதவீதம் கூட ஒண்ணு, 20 சதவீதம் குறைச்சு ஒண்ணு, வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு ஸ்விங்கும் முழு வேகத்துல, நடுவுல ஓய்வோட. களைச்சுப் போய் 200 ஸ்விங் போட்டா மெதுவா ஆடக் கத்துக்கறான், அவ்வளவுதான். மேஜர் லீக் சராசரி பேட் வேகம் 72 மைல், 75 தொட்டா வேகமான ஸ்விங். சென்சார் மாட்டி வாராவாரம் எழுதுங்க, ஆனா சென்சார் எண்ணும் ஸ்டாட்காஸ்ட் எண்ணும் வேற மாதிரி அளக்குது, ரெண்டையும் ஒப்பிடாதீங்க. பையன் அவனோடயே ஒப்பிட்டா போதும்.

அப்புறம்தான் மெஷின். ஒரே வேகம், ஒரே இடம் வெச்சு அடிச்சா எவனும் அடிப்பான். ஃபாஸ்ட்பாலும் பிரேக்கிங் பாலும் (வளையற பந்தும்) கலந்து, அடுத்து என்ன வரும்னு தெரியாம போடணும். டிராஜெக்ட் மாதிரி, பிட்சரோட வீடியோ திரையில ஓட அதே சுழற்சியோட பந்து வர்ற மெஷின் அணிகள்கிட்ட இருக்கு. அதுல பத்துல நாலு மிஸ் ஆனா பயிற்சி சரியான கடினத்துல இருக்குன்னு எடுத்துக்குவேன். எல்லாம் படுதுன்னா நேரத்தை வீணாக்கறோம்.

பதில்: சீம் எண்ணுபவர்

அண்ணனோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். ஆங்கிளைத் தொடவே கூடாது என்றில்லை. இந்தப் பையனின் எல்லை வேகம் 99-தான் என்றால், சென்டருக்கு உயரமாக அடிக்கும் பந்தெல்லாம் சென்டர் ஃபீல்டர் கையில் 380 அடியில் முடியும். அவனுக்குப் பவர் வர ஒரே வழி ரைட் ஃபீல்ட் பக்கம் காற்றில் இழுத்து அடிப்பது. அங்கே சுவர் கிட்டே இருக்கிறது. 103 உள்ளவன் எங்கே அடித்தாலும் போகும், அவனை விட்டுவிடலாம். ஆள் பார்த்துத்தான் மருந்து.

பதில்: டக்அவுட்

அதை ஒத்துக்கறேன். ஆனா 20 வயசுல, 180 பவுண்டுல இருக்கறவனோட 99, 23 வயசுல 99-ஆ இருக்காது. தோள் அகலமா, இடுப்பு ஒல்லியா இருந்தா பதினஞ்சு பவுண்டு தானா ஏறும். அதுக்கு முன்னாடி இழுத்து அடிக்கப் பழக்கிட்டா வெளிப்பக்கப் பந்தை மறந்துடுவான்.

கேட்டவர்: நாலாவது அவுட்ஃபீல்டர்

அந்தப் பதினைந்து பவுண்டு ஏறினால் கால் போய்விடாதா? அப்போது சென்டரும் போய்விடுமே. கடைசியில் எண் போடும்போது இதை எப்படிக் காட்டுவது?

பதில்: ஸ்டாப்வாட்ச்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதனால்தான் ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்: இன்று என்ன, முழுவளர்ச்சியில் என்ன. ஓட்டத்தில் மட்டும் இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறையலாம். இந்தப் பையனுக்கு 4.1 என்றால் ஓட்டம் இன்று 60, பின்னால் 55. ஃபீல்டிங் இன்று 45, பின்னால் 55, முதல் அடி நன்றாக இருந்தால் மட்டும். முதல் அடி மெதுவாக இருந்து கால் வேகத்தால் சமாளிப்பவன் என்றால் பின்னால் 45. வேகம் போனதும் ஒளிந்திருந்தது வெளியே வரும். கை 50. ஹிட் இன்று 30, பின்னால் 45. பவர் இன்று 30, பின்னால் 45; 50 என்பது வருடத்துக்கு 15–18 ஹோம் ரன். 20 வயதுப் பையனுக்கு இன்றைய ஹிட் 45 என்று எழுதினால், நாளைக்கே மேஜர் லீக்கில் தாக்குப்பிடிப்பான் என்று சொல்கிறீர்கள் என்று அர்த்தம். புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஃபீல்டிங் 55 நின்றால் அந்த 45 ஹிட்டோடு அன்றாட சென்டர் ஃபீல்டர். நிற்காவிட்டால் மாற்று ஆளான நாலாவது அவுட்ஃபீல்டர் (உங்கள் பெயரைச் சொல்லவில்லை). கிளவ் நின்றால் பேட்டுக்குக் காத்திருக்க அணிக்குப் பொறுமை இருக்கும். சென்டர் ஃபீல்டர் பீட் குரோ-ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள், 2024-இல் 10 ஹோம் ரன், 2025-இல் 31. துரத்தும் பழக்கம் போகவில்லை. கிளவ் இல்லாதவனாக இருந்தால் அந்த 2024-க்குப் பிறகு அத்தனை பிளேட் அப்பியரன்ஸ் கிடைத்திருக்காது.

காலமும் எல்லையில்லாமல் கிடைக்காது. 18 வயதிலோ அதற்குக் கீழேயோ ஒப்பந்தமானவனை ஐந்தாவது சீசனுக்குப் பிறகு, 19 அல்லது மேலே என்றால் நாலாவதுக்குப் பிறகு, 40 பேர் பட்டியலில் (அணி மேஜர் லீக்குக்காகத் தக்கவைத்திருப்பவர்கள்) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் சீசன் முழுக்க மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 50,000 டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். ஓடவும் பிடிக்கவும் தெரிந்த சென்டர் ஃபீல்டரை மேஜர் லீக் பட்டியலின் கடைசி, 26-வது ஆளாக ஒளித்து வைப்பது சுலபம், அதனால் இந்த ரகத்தை எடுக்கத் துணிவார்கள். 40 பேர் பட்டியலில் சேர்ந்தவனைப் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகளில்தான் மைனர் லீக்குக்கு அனுப்பி வைக்க முடியும். ஆக 2022-இல் 18 வயதில் டிராஃப்ட் ஆனவனுக்கு 2026 நவம்பருக்குள் அணி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

மூன்று ஆட்டம்தான் கிடைக்கும் என்றால் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். எதிரணியின் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) வரிசையைப் பார்த்து, ஒரு நாள் 95-க்கு மேல் போடும் வலது கை பிட்சர், ஒரு நாள் இடது கை பிட்சர், ஒரு நாள் யாராயிருந்தாலும் சரி என்று தேர்ந்தெடுங்கள். மூன்றாவது நாள் பகல் ஆட்டமாக இருக்கட்டும். வெயிலில் உயரமாக வரும் பந்துக்கு அவன் கிளவ்வைக் கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவில் பந்து ஏறும்போதே கொண்டுபோகிறானா, பந்து இறங்கும்போது தேடுகிறானா என்று பார்க்க வேறு நேரம் கிடைக்காது.